கஞ்சி தீர்ந்த பிறகும்

"அம்மா, நாம கஞ்சிக்காகத்தான் கிறிஸ்தவங்க ஆனோமாம்மா?"

வேலூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று என் மகன் இதைக் கேட்டபோது அவன் கையில் திடப்படுத்தல் வகுப்புப் பாடம் இருந்தது. பதினைந்து வயது. இன்னும் இரண்டு மாதத்தில் பேராயர் அவன் தலையில் கைவைத்து ஜெபிப்பார். குழந்தையாக அவன் ஞானஸ்நானம் பெற்ற அன்று அவனுக்குப் பதிலாக நாங்கள் சொன்ன வாக்குகளைத் திடப்படுத்தல் நாளில் அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குள் பள்ளியில் ஒரு பையன் அவனிடம் கேட்டுவிட்டான்: பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்துனாங்க, நீங்க மாறிட்டீங்க, அவ்வளவுதானே?

அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கி வைத்துவிட்டு ஏதோ சொன்னேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அது பதிலாகப் படவில்லை. ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறினேன். சித்தூரில் என் பெரியம்மா இருக்கிறார். எங்கள் குடும்பக் கதை முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சித்தூர் வழியாகக் காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லையைத் தாண்டியதும் நிலையப் பலகைகளில் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடுகிறது. மண் மட்டும் மாறவில்லை. அதே செம்மண், அதே பாறைக் குன்றுகள், அதே வறண்ட ஏரிகள். இருபுறமும் மாந்தோப்புகள் வரத் தொடங்கின. நாம் கிளிமூக்கு என்று சொல்லும் தோத்தாபுரி மாம்பழத்தின் காலம் அது. சித்தூருக்கு வெளியே மாம்பழக்கூழ் ஆலைகளின் முன் டிராக்டர்கள் பழம் ஏற்றி வரிசையில் நின்றன. ரயில் பெட்டிக்குள்ளேயே அந்த வாசனை வந்தது.

1911 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதுவரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரே இந்த ஊர்தான். இன்று நாம் இரண்டு மாநிலமாகப் பார்க்கிற இந்த நிலம் எங்கள் முன்னோர்களுக்கு ஒரே சீமை. வேலூரில் ஒரு அண்ணன், சித்தூரில் ஒரு தம்பி, பலமனேரில் ஒரு சம்பந்தி என்றுதான் குடும்பங்கள் பரவின. சபையும் அப்படியேதான் பரவியது.

இந்தப் பக்கத்தில் கிறிஸ்துவின் பெயர் எங்கள் சபைக்கும் முந்தியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் புங்கனூர் வரை வந்து தெலுங்கில் போதித்தார்கள். எங்கள் சபை வந்த வழி வேறு. நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஸ்கடர் என்பவர் 1819-ல் அதை விட்டுவிட்டு மனைவியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் மிஷனரிகள் ஆனார்கள். 1853-ல் அந்தப் பிள்ளைகள் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். வேலூர், சித்தூர், ஆரணி, இராணிப்பேட்டை, மதனப்பள்ளி என்று அதன் நிலையங்கள் பரவின. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அந்தச் சபைகள் அதில் இணைந்தன.

"ஒரே வீட்டுல ஏழு பேருமா? ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலையா?" என்றான் மகன்.

"பேத்தி சொன்னாங்க" என்றேன்.

வேலூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஐடா ஸ்கடரைத் தெரியாமல் இருக்காது. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று தெரியும். அவர் முதலில் மறுத்தவர் என்பதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாது வருஷப் பஞ்சத்தின்போது ஆறு வயதுச் சிறுமியாக, பட்டினியில் கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டியதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தக் காட்சிதான் அவரை இந்த நாட்டிலிருந்து ஓடவைத்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். தாயின் உடல்நலத்துக்காக மட்டும் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார்.

"தாத்தா சொன்னதால வரல, அப்பா சொன்னதால வரல. அந்த மூணு பேரு கதவைத் தட்டினதால வந்தாங்க" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யோசிக்கும்போது அவன் அப்படித்தான் திரும்புவான்.

பெரியம்மா வீடு மிஷன் காம்பவுண்டுக்கு இரண்டு தெரு தள்ளி. எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் குரல் தளரவில்லை. "ஸ்தோத்திரம்டா கண்ணு" என்று அவனை அணைத்துக்கொண்டார். உள்ளே அவருடைய பேரப்பிள்ளைகள் "வந்தனாலு அத்தா" என்றார்கள். அத்தை என்பதற்கு இங்கே அத்தா. பெரியம்மாவின் அலமாரியில் தமிழ் வேதாகமமும் 'ஆந்திர கிறைஸ்தவ கீர்த்தனலு' பாட்டுப் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. புருஷோத்தம சௌதரி போன்ற பழைய தெலுங்குக் கவிஞர்களின் பாடல்கள் இருக்கும் புத்தகம் அது. தெலுங்குச் சபைகளில் அது இல்லாத வீடு அபூர்வம்.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பெரியம்மா தமிழில் ஒரு சங்கீதம் வாசித்தார். மருமகள் அதையே தெலுங்கில் வாசித்தார். பாட்டுகள் தெலுங்கில். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் பாஷையில் சொன்னோம். இரண்டு மொழியும் முன்னும் பின்னுமாகப் போய், கடைசியில் 'ஆமென்' என்பதில் ஒன்றாக வந்து நின்றன.

"இவங்களுக்குத் தமிழ் படிக்க வராதா பாட்டி?" என்று மகன் கேட்டான்.

"வராதுப்பா. நான்தான் தெலுங்கு கத்துக்கிட்டேன், அம்பது வயசுக்கு மேல. இதுங்களுக்கு வேதம் சொல்லித்தரணுமில்ல? என் பாஷை எங்கிட்ட நின்னுபோச்சு. பக்தி நிக்கல."

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு பெண்களின் பெயர் வருகிறது. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அந்த இளம் போதகனின் விசுவாசம் முதலில் அவர்களிடம் இருந்தது என்கிறார் பவுல். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், தாய் யூதப் பெண். அந்த வீட்டிலும் இரண்டு மொழி புழங்கியிருக்கத்தான் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டித் தெலுங்கு படித்த பெரியம்மாவைப் பார்த்தபோது லோவிசாள் எனக்குத் தூரத்து ஆளாகத் தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பழைய கற்களில் தமிழும் ஆங்கிலமும், புதியவற்றில் தெலுங்கு. எங்கள் முதல் தலைமுறைக்குக் கல் இல்லை. ஒரு வேப்பமரத்தடியைக் காட்டி "இந்தப் பக்கம்தான்னு எங்க அப்பா சொல்லுவார்" என்றார் பெரியம்மா. அங்கே வைத்துத்தான் என் மகன் தன் கேள்வியை அவரிடம் கேட்டான்.

பெரியம்மா கோபப்படவில்லை. மரத்தடித் திட்டில் உட்கார்ந்தார்.

"இருக்கலாம்பா. தாது வருஷத்துல சனங்க ரோட்டுல செத்து விழுந்தாங்களாம். கஞ்சித் தொட்டி எங்க இருந்துச்சோ அங்க போனாங்க. வயிறு காஞ்சவன் போகாம என்ன செய்வான்? அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா நீ அடுத்த கேள்வியக் கேளு. பஞ்சம் ரெண்டு வருஷத்துல தீந்துபோச்சு. கஞ்சித் தொட்டியும் மூடியாச்சு. அப்புறம் ஏன் அவங்க திரும்பிப் போகல?"

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் மாண்டார்கள். வட ஆற்காடு மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. பஞ்சத்தை ஒட்டி ஊர் ஊராகத் தாழ்த்தப்பட்ட மக்கள் மிஷனைத் தேடி வந்தார்கள். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்ற ஏச்சும் கூடவே வந்தது. என் முன்னோர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள், கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள். அவர்கள் பிள்ளைக்குப் பலகையும் பல்பமும் கொடுத்து எழுத்துச் சொல்லித்தந்தவர் மிஷன் உபதேசியார். உன்னையும் தேவன் தம் சாயலாகப் படைத்தார் என்று சொன்னவரும் அவரே. கஞ்சி ஒரு நாள் பசிக்கு. இந்த வார்த்தை வேறு ஒரு பசிக்கு.

பிறகு பெரியம்மா தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். "பேரை மட்டும் மாத்தி எழுதிக்கோ, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறத யாரு பார்க்கப் போறா?" என்று அவருடைய சிநேகிதர்களே சொன்னார்களாம்.

"அப்பா மாத்தல. எங்க அஞ்சு பேருக்கும் பீஸ் கட்ட அம்மா மாடு வளர்த்தாங்க. மாத்தி எழுதினவங்களும் எங்க சொந்தத்துல இருந்தாங்க. அவங்கள அப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போனார். அவனவன் பிள்ளைக்குச் சோறு போட அவனவன் ஒரு வழி தேடுறான், நான் யாரு கேக்கன்னு சொல்லுவார்."

ஆந்திரப் பிரதேசத்தில் 1970-ல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் நான்கு பிரிவாக வந்தபோது, 'சி' பிரிவில் இந்த மக்களை வைத்தார்கள். ஒரு சதவீத ஒதுக்கீடு. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரும் அவர்களுடைய சந்ததியும் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலோ எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும் என்று சொல்லிப் பிற்படுத்தப்பட்டோரில் சேர்க்கிறது. இரண்டு அரசுகளும் எங்கள் தலைமுறைகளை எண்ணி வைத்திருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்றால் சேரி மறைந்துவிடுமா? ஊர் எங்களைப் பழைய பெயரில்தானே கூப்பிடுகிறது? இழிவு அப்படியே இருக்க, சலுகை மட்டும் போய்விட்டது என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெண் கொடுப்பவர்கள் இருக்கும்போது, இந்த நியாயத்தை அரசிடம் மட்டும் கேட்டால் போதாது என்பதும் தெரியும்.

நான் அவனிடம் சொன்னேன்: "உன் சிநேகிதன் பாதிக் கதையைச் சொல்லியிருக்கான். வந்ததுக்குக் காரணம் கஞ்சின்னே வச்சுக்குவோம். நின்னதுக்குக் காரணம் அது இல்ல. நின்னதால நாம இழந்ததுதான் அதிகம். லாபத்துக்காக வந்தவங்க நஷ்டத்துல நிக்கமாட்டாங்க."

அவன் அந்த வேப்பமரத்தடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பல தலைமுறைக்கு முந்தியவரை முதல் முறையாகப் பார்ப்பது போல.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போனோம். மடியில் பெரியம்மா கட்டிக்கொடுத்த ஒரு பை மாம்பழம். பேருந்தில் பாதிப் பேர் காணிப்பாக்கம் விநாயகரைப் பார்க்கப் போகிறவர்கள், மீதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள். சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டியதும் ஏழுமலையின் பாறை முகம் எழுந்து நின்றது. "கோவிந்தா" என்று முன் இருக்கையில் ஒருவர் கைகூப்பினார். அவர் முகத்தில் இருந்த நெகிழ்ச்சி எனக்கு அந்நியமானதல்ல. திருவிருந்துக்கு முழங்காலிடும்போது என் அம்மாவின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

திருமலையில் வேறு மதப் பிரசாரம் கூடாது என்று 2007-ல் ஆந்திர அரசு தடை விதித்தது. அதை நான் ஒரு குறையாக எண்ணவில்லை. அடுத்த வீட்டுக்காரர் பூசையறையில் நின்று பேச எனக்கு என்ன உரிமை? விசுவாசத்தைக் காப்பது வேறு, அடுத்தவர் பக்தியை மிதிப்பது வேறு. இதைப் புரியவைக்கிற ஒரு கதை இந்தத் திருப்பதியிலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் மகனை இங்கே கூட்டிவந்தேன்.

ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து 1860-களில் லுத்தரன் மிஷனரிகள் இந்தத் தெலுங்குச் சீமைக்கு வந்தார்கள். சூளூர்பேட்டையில் தொடங்கித் திருப்பதி வரை பரவினார்கள். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர்கள் சிறைப்பட்டார்கள். பிறகு அமெரிக்க லுத்தரன்கள் பொறுப்பேற்றார்கள். மேய்ப்பர்கள் இல்லாத அந்த நாட்களில் சபைகளைக் கட்டிக் காத்தவர்கள் உள்ளூர் உபதேசிமார்களும், வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்களும்தான். இன்றைய தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் திருப்பதி.

அந்த ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளிக்கு 1896-ல் திருத்தணியிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் படிக்க வந்தான். நான்கு ஆண்டுகள் இங்கே. அடுத்து வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி. பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அந்தப் பையன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் படித்த இந்த மூன்று இடமும் மிஷன் இடங்கள். அங்கே தன் முன்னோரின் மதத்தின் மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள் அவரைக் குத்தின. அந்தக் குத்தல்தான் இந்து தத்துவத்தை ஆழமாகப் படிக்கவைத்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக 1908-ல் தன் முதுகலை ஆய்வை எழுதினார். அதைப் பாராட்டியவர்களில் ஒருவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்.

லுத்தரன் கோயிலின் நிழலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது மகன் கேட்டான்: "அப்ப மிஷன்காரங்க தோத்துட்டாங்களா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளக்காரமாகப் பேசியவர்கள் தோற்றார்கள். தன்னோடு உடன்படாத மாணவனின் நேர்மையை மதித்துத் தட்டிக்கொடுத்த ஹாக் தோற்கவில்லை. அடுத்தவர் விசுவாசத்தை இகழ்ந்தால் அவர் அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார், அது அவருடைய உரிமை. நம்மை ஒருவர் இகழ்ந்தால் நாமும் அந்த மாணவனைப் போல உட்கார்ந்து படிக்க வேண்டும். உன்னைக் குத்திய கேள்வியை உன்னைப் படிக்கவைக்கும் கேள்வியாக மாற்றிக்கொள் என்றேன். உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இரு என்று பேதுரு எழுதும்போது, சாந்தத்தை அதோடு சேர்த்தே எழுதுகிறார். சாந்தத்தை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டவர்களால் நேர்ந்த காயங்கள் இந்த நாட்டில் நிறைய.

லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். திடப்படுத்தல் வகுப்புக்கு அதுவும் ஒரு மூதாதை. சபைகளைச் சுற்றிப் பார்த்த லுத்தர், சாதாரண மக்களுக்குப் பத்துக் கட்டளைகள்கூடத் தெரியாததைக் கண்டு வருந்தி அதை எழுதினார். வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழந்தை கேட்பது போல அர்த்தம் கேட்கும் கேள்வி வரும், அதன்பின் பதில். கேள்வி இல்லாமல் அந்தப் புத்தகமே இல்லை. உபாகமத்திலும் அப்படித்தான். நாளைக்கு உன் மகன் இந்தக் கட்டளைகள் என்னவென்று கேட்கும்போது, நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று சொல் என்கிறார் மோசே. வாதம் செய்யச் சொல்லவில்லை, கதையைச் சொல்லச் சொன்னார். அடிமைப்பட்டிருந்ததையும் மறைக்காமல் சொல்லச் சொன்னார்.

சமையலறையில் நான் தவறியது அங்கேதான். கஞ்சியை மறைக்கப் பார்த்தேன். பெரியம்மா மறைக்கவில்லை.

இரவு ரயிலுக்காகத் திருப்பதி நிலையத்தில் காத்திருந்தோம். நடைமேடை முழுக்க மொட்டைத் தலைகள், சந்தனப் பூச்சு, உறங்கும் குழந்தைகள். எங்கள் பக்கத்தில் ஆரணியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தார். பையைத் திறந்து லட்டு ஒன்றைப் பாதியாகப் பிட்டு என் மகனிடம் நீட்டினார். "சாப்பிடு கண்ணு, பெருமாள் பிரசாதம்."

அவன் என்னைப் பார்த்தான். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல விதம். பவுலே கொரிந்தியருக்கு இதைப் பற்றி நீளமாக எழுதி, அவரவர் மனச்சாட்சிக்கும் அடுத்தவர் நலனுக்கும் இடம்விட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"பாட்டி, நாங்க கிறிஸ்தவங்க. எங்க வீட்டுல படைச்சது சாப்பிடறதில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க குடுத்ததே எனக்குச் சந்தோஷம்."

மூதாட்டி அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு லட்டைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, இன்னொரு பைக்குள் கைவிட்டுத் துழாவினார். "அதுக்கென்ன ராஜா. இந்தா, இது முறுக்கு. வீட்டுல சுட்டது, யாருக்கும் படைக்கல. ரயில் வர நேரமாவும், பசிக்கும்."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு பெரியம்மா கொடுத்த பையைத் திறந்து, நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து நான்கு மாம்பழங்களை எடுத்து அவர் மடியில் வைத்தான்.